பனிச்சறுக்குப் பயிற்றுநராகத் தொடங்கி வளர்வது எப்படி: ஒன்டாரியோவிலிருந்து ஒரு வழிகாட்டி

குளிர்காலத்தில் பகுதிநேர வேலை தேடும் கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகளை ஸ்கீ வகுப்பில் விட்டுவிட்டுத் தாங்களும் கற்றுக்கொண்ட நாற்பது வயதுக்காரர்களும் கேட்கிறார்கள்: "நானும் இன்ஸ்ட்ரக்டர் ஆக முடியுமா?" முடியும். லெவல் 1 சான்றிதழ் வாங்கப் பெரிய வீரராக இருக்க வேண்டியதில்லை. நீலச் சதுரம் போட்ட நடுத்தரச் சரிவுகளில் வேகத்தைக் கட்டுக்குள் வைத்து, நினைத்த இடத்தில் திரும்பி, நினைத்த இடத்தில் நிற்கத் தெரிந்தால் போதும்.

கடினமான பகுதி அதற்கு அப்புறம்தான் வருகிறது. சான்றிதழ் சில நாட்களில் கைக்கு வந்துவிடும். கற்பிக்கத் தெரிவதற்குச் சில சீசன் ஆகும். பலர் அந்த இடைவெளியில் என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். லெவல் 1-க்கும் லெவல் 2-க்கும் நடுவில் இருக்கும் காலத்தில்தான் ஒருவர் பயிற்றுநராக உருவாகிறார் என்பது என் கருத்து. அதனால் இந்தக் கட்டுரையில் தேர்வுகளைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும்.

1. ஸ்கீயா, ஸ்னோபோர்டா?

ஸ்கீ என்றால் காலுக்கு ஒன்றாக இரண்டு பலகை, ஸ்னோபோர்டு என்றால் இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே பலகை. கனடாவில் இரண்டுக்கும் தனித்தனி அமைப்புகள். ஸ்கீக்கு 1938-இல் தொடங்கிய கனடியன் ஸ்கீ இன்ஸ்ட்ரக்டர்ஸ் அலையன்ஸ், சுருக்கமாக சி.எஸ்.ஐ.ஏ. ஸ்னோபோர்டுக்கு 1994-இல் தொடங்கிய கனடியன் அசோசியேஷன் ஆஃப் ஸ்னோபோர்டு இன்ஸ்ட்ரக்டர்ஸ்; இதை எல்லோரும் காஸி என்றே சொல்வார்கள். இரண்டிலும் நான்கு படிகள். லெவல் 1 இருந்தால் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லித்தரலாம். லெவல் 2 ஓரளவு ஓட்டத் தெரிந்தவர்களுக்கு, லெவல் 3 நன்றாக ஓட்டுபவர்களுக்கு. லெவல் 4 உச்சம்; அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மற்றப் பயிற்றுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள். முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்டாலும் அது வரைக்கும் போகிறவர்கள் குறைவு.

எதை ஓட்ட உங்களுக்கு நன்றாக வருகிறதோ அதில் தொடங்குங்கள். இரண்டும் சுமார்தான் என்றால் நான் ஸ்கீயைச் சொல்வேன். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் பெரும்பாலும் ஸ்கீயில்தான் சேர்க்கிறார்கள், அதனால் அங்கே வகுப்புகள் அதிகம். இரண்டாவது சீசனில் மற்றதற்கும் லெவல் 1 வாங்கிவிட்டால், வகுப்பு ஒதுக்கும் மேற்பார்வையாளருக்கு உங்கள் பெயர் முதலில் ஞாபகம் வரும்.

2. சான்றிதழுக்கு முன்பே விண்ணப்பியுங்கள்

இது பலருக்குத் தெரியாது. சான்றிதழ் வாங்கிய பிறகுதான் வேலை தேட வேண்டும் என்று நினைத்து டிசம்பர் வரை காத்திருப்பார்கள். ஆனால் பெரும்பாலான ஸ்கீ பள்ளிகள் செப்டம்பர் முதல் நவம்பருக்குள் ஆள் எடுத்து முடித்துவிடும். சான்றிதழ் இல்லாதவர்களையும் எடுத்து, சீசன் தொடக்கத்தில் தாங்களே பயிற்சி கொடுத்து, லெவல் 1 கோர்ஸையும் அங்கேயே நடத்துவதுண்டு. சீசன் முழுக்க வேலை செய்தால் கோர்ஸ் கட்டணத்தைத் திருப்பித் தரும் இடங்களும் இருக்கின்றன. அதை நேர்காணலில் கேட்கத் தயங்க வேண்டாம்.

டொராண்டோவைச் சுற்றி இருப்பவர்களுக்கு மில்டனில் கிளென் ஈடன், அக்ஸ்பிரிட்ஜில் லேக்ரிட்ஜ், கிச்சனரில் சிக்கோபி, பேரிக்கு வடக்கே ஹார்ஸ்ஷூ, காலிங்வுட் பக்கத்தில் புளூ மவுண்டன். முதல் சீசனுக்கு வீட்டுக்கு அருகில் இருக்கும் சின்ன மேட்டையே தேர்ந்தெடுங்கள். ஜனவரியில் சனிக்கிழமை காலை எட்டு மணி வகுப்புக்குப் பனிப்புயலில் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போவது எத்தனை வாரம் தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள். சின்ன மேடுகளில் புதியவர்கள் அதிகம் வருவார்கள் என்பது இன்னொரு லாபம். உங்களுக்குத் தேவை அவர்கள்தான்.

நேர்காணலில் எவ்வளவு நன்றாக ஓட்டுவீர்கள் என்பதை விட, குழந்தைகளோடு பழகிய அனுபவம் இருக்கிறதா என்றுதான் அதிகம் கேட்பார்கள். ட்யூஷன் எடுத்தது, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தியது, நடன வகுப்பில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது எல்லாம் இங்கே கணக்கில் வரும். பதினெட்டு வயது தாண்டியவர்களிடம் போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்கலாம். அது வரத் தாமதமாகும், முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். முதலுதவிச் சான்றிதழ் இருந்தால் நல்லது. வெளிநாட்டு மாணவராக இருந்தால், வகுப்பு நடக்கும் மாதங்களில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பு இதற்கும் பொருந்தும்.

ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: வகுப்பு எடுத்த நேரத்துக்கு மட்டும் சம்பளமா, அல்லது வகுப்பு கிடைக்குமா என்று சீருடையில் வரிசையில் நிற்கும் நேரத்துக்கும் உண்டா? இடத்துக்கு இடம் வேறுபடும். பிப்ரவரியில் மழை பெய்து வகுப்புகள் ரத்தாகும்போது இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

3. லெவல் 1: மெதுவாக ஓட்டப் பழகுங்கள்

ஸ்கீ, ஸ்னோபோர்டு இரண்டிலும் லெவல் 1 வழக்கமாக மூன்று நாள் கோர்ஸ். தேர்வாளர் முதல் நாளிலிருந்தே உங்களைக் கவனித்துக்கொண்டுதான் இருப்பார். கோர்ஸில் உங்கள் ஓட்டத்தைத் திருத்துவார்கள், புதியவர்களுக்கு எந்த வரிசையில் சொல்லித்தர வேண்டும் என்று காட்டுவார்கள், பிறகு உங்களையே கூடப் பயில்பவர்களுக்கு ஒரு சின்னப் பாடம் நடத்தச் சொல்வார்கள்.

நன்றாக ஓட்டுகிறவர்கள் தடுக்கி விழுவது வேகத்தில் இல்லை, மெதுவில்தான். வேகம் பல குறைகளை மறைத்துவிடும். பச்சை வட்டம் போட்ட எளிய சரிவில், நடந்து போகிற வேகத்தில், ஸ்கீ முனைகளைச் சேர்த்து 'வி' வடிவில் வைத்துக்கொண்டு ஐந்தாறு திருப்பம் போட்டுப் பாருங்கள். உடம்பு பின்னால் சாய்ந்தால் உடனே தெரிந்துவிடும். ஸ்னோபோர்டில் இதே சோதனைக்குத் தோள்களைக் கவனியுங்கள். போர்டைத் திருப்ப மேல் உடம்பை வீசுகிற பழக்கம் வேகமாகப் போகும்போது வெளியே தெரியாது. மெதுவாக ஓட்டினால் கழுத்தைப் பிடித்துக் காட்டிக்கொடுக்கும். கோர்ஸுக்கு முந்தைய இரண்டு வாரம் இப்படி மெதுவாக ஓட்டிப் பழகுவதற்கே செலவிடலாம்.

காஸியில் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் முறைக்கு குவிக்ரைடு என்று பெயர். ஐந்து கட்டம்: அடிப்படை, சறுக்கல், கட்டுப்பாடு, திருப்பம், தொடர் ஓட்டம். போர்டை மாட்டுவது, ஒரு காலை மட்டும் மாட்டிக்கொண்டு நகர்வது, குதிகால் பக்கமும் விரல் பக்கமும் வேகத்தைப் பிடிப்பது, அப்புறம்தான் திருப்பம். மாணவர் 'எப்போ திருப்பம்?' என்று அவசரப்படுவார். மூன்றாவது கட்டத்தைச் சுருக்கினால் நான்காவதில் குதிகால் பக்க எட்ஜ் (போர்டின் கூரான விளிம்பு) பனியில் பிடிக்காமல் விழுந்துகொண்டே இருப்பார்.

சி.எஸ்.ஐ.ஏ.வின் அணுகுமுறை, மாணவரை 'வி' வடிவிலேயே நெடுநாள் வைத்திருக்காமல், எளிய சரிவில் கால்களைத் திருப்பக் கற்றுக்கொடுத்து, சீக்கிரமே ஸ்கீகளை இணையாக ஓட்டும் நிலைக்குக் கொண்டுபோவது. சின்னப் பிள்ளைகளிடம் 'வி' வடிவத்துக்குப் பீட்சா என்றும் இணையாக வைப்பதற்கு ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் என்றும் எல்லாரும் சொல்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. எதற்கெடுத்தாலும் "பீட்சா! பீட்சா!" என்று கத்தினால், பிள்ளை கால்களை அகலமாக விரித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிடும், திருப்பமே வராது. வேகத்தைத் திருப்பத்தால் குறைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டால் இந்தக் கத்தல் பாதி குறையும்.

4. முதல் வகுப்புகள்

முதல் மாதம் உங்களுக்குக் கிடைப்பது மேஜிக் கார்பெட் (நின்றபடியே மேலே கொண்டுபோகும் நகரும் பட்டை) பகுதியில், ஐந்து வயதுப் பிள்ளைகள் ஆறு பேர், ஒரு மணி நேரம். இதில் சறுக்கச் சொல்லித்தரும் நேரம் பாதிதான். மீதி நேரம் கையுறை மாட்டிவிடுவது, மூக்கைத் துடைப்பது, விழுந்தவரைத் தூக்குவது, அழுபவரைச் சமாதானப்படுத்துவது. வகுப்புக்கு முன் எல்லாரும் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தாகிவிட்டதா என்று பெற்றோரிடம் கேளுங்கள். இதைப் பயிற்சிக் கையேட்டின் முதல் பக்கத்தில் போட வேண்டும் என்பேன்.

சில விஷயங்களை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பூட்ஸைத் தொட்டுப் பாருங்கள். வாடகைக்கு எடுத்த பூட்ஸ் பெரிதாக இருப்பது, உள்ளே இரண்டு ஜோடி சாக்ஸ், பேன்ட் நுனி பூட்ஸுக்குள் மாட்டியிருப்பது: புதியவர் திரும்ப முடியாமல் திணறுவதற்குப் பாதிக் காரணம் இவைதான். ஆனால் பைண்டிங்கின், அதாவது பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கும் பூட்டின், அழுத்தத்தை நீங்களே திருகி மாற்றாதீர்கள். சரியில்லை என்று தோன்றினால் வாடகைக் கடையின் டெக்னீஷியனிடம் அனுப்புங்கள். அது அவர் பொறுப்பு. கால் முறிந்தால் யார் தொட்டது என்ற கேள்வி வரும்.

குழுவை நிறுத்தும் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஓடுபாதையின் ஓரம், மேலிருந்து வருபவர்கள் தொலைவிலேயே பார்க்கக்கூடிய இடம். மேட்டு விளிம்புக்குக் கீழே ஒருபோதும் வேண்டாம். மாணவர்கள் கண்ணில் வெயில் படாமல் நிற்க வேண்டும், நீங்கள் அவர்களுக்குக் கீழே நிற்க வேண்டும்.

லிஃப்டில் ஏற்றி இறக்குவதுதான் புதியவர் வகுப்பில் எனக்கு அதிகம் பதற்றம் தரும் நேரம். முதல்முறை ஏறுபவர்களைச் சேர்லிஃப்டுக்கு (கம்பிவடத்தில் மலைமேல் கொண்டுபோகும் நாற்காலி) அழைத்துப் போகும் முன், தரையிலேயே ஒத்திகை பாருங்கள். லிஃப்ட் இயக்குபவரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், கேட்டால் செய்வார்கள். சின்னப் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

வெப்பம் மைனஸ் பதினைந்துக்குக் கீழே போனால் நேரம் பார்த்து ஒவ்வொருவர் கன்னத்தையும் மூக்கு நுனியையும் கவனியுங்கள். வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் உடனே உள்ளே அழைத்துப் போங்கள், பாடம் அப்புறம். குளிரில் நடுங்கும் பிள்ளைக்கு நீங்கள் சொல்லும் எதுவும் காதில் ஏறாது.

பெரியவர்கள் வேறு மாதிரி. அவர்களுக்கு விழுவதில் பயம், விழுந்தால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதில் இன்னும் பெரிய பயம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, மாமியாரை மகனோ மருமகளோ முதல்முறை அழைத்து வருவதைப் பார்க்கலாம். அவர்களிடம் தமிழில் பேச முடிவது பெரிய வசதி. "கீழே பனியைப் பார்க்காதீங்கம்மா, அதோ அந்தக் கம்பத்தைப் பாருங்க. முட்டியை லேசா மடக்குங்க, அவ்வளவுதான். நான் முன்னாடியே இருக்கேன்." இதைத் தாண்டி நிறையப் பேச வேண்டாம். புதிய பயிற்றுநர்கள் எல்லாரும் அதிகம் பேசுகிறார்கள். ஒரு விஷயம் சொல்லி, ஒருமுறை ஓட்டிக் காட்டி, உடனே அவர்களை ஓட்ட விடுங்கள். நின்று கேட்டுக்கொண்டே இருந்தால் உடம்பு குளிர்ந்துவிடும், ஆர்வமும் கூடவே.

5. கண்ணைப் பழக்குவது

எல்லாவற்றையும் விட நேரம் போட வேண்டியது இதில்தான். ஒருவர் ஓட்டுவதைப் பார்த்து, எங்கே பிரச்சினை, அதற்கு என்ன காரணம், அடுத்து என்ன செய்யச் சொல்லலாம் என்று முடிவெடுப்பது. லெவல் 2-இலிருந்து இது இல்லாமல் நகரவே முடியாது. இதற்குத் தனித் திறமை ஒன்றும் பிறவியில் வேண்டாம், பழக்கம் போதும்.

புதியவர் கண்ணுக்கு முதலில் படுவது கை. "கையை இப்படி வீசுறாரு" என்பார்கள். கையிலிருந்து தொடங்காதீர்கள். பனியிலிருந்து மேலே போங்கள். ஸ்கீயோ போர்டோ பனியில் என்ன செய்கிறது? வளைவு உருண்டையாக இருக்கிறதா, 'இசட்' போல ஒடிந்து இருக்கிறதா? பின்பக்கம் வழுக்கித் தள்ளிக்கொண்டு போகிறதா? திருப்பத்தின் எந்த இடத்தில் பனி தெறிக்கிறது? அடுத்து கணுக்கால், முட்டி, இடுப்பு. கடைசியில்தான் தோளும் கையும். கைவீச்சு பெரும்பாலும் விளைவு. காரணம் கீழே இருக்கும்.

காஸி இதை ஐந்து திறன்களாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது: நிற்கும் நிலையும் சமநிலையும், போர்டைச் சுழற்றுவது, எட்ஜைப் பயன்படுத்துவது, அழுத்தத்தைக் கையாள்வது, இவற்றை எப்போது எந்த வரிசையில் செய்வது என்கிற நேரமும் ஒருங்கிணைப்பும். ஸ்கீக்கும் இதே சட்டகம் பொருந்தும். குழம்பினால் முதல் திறனுக்குத் திரும்பி வாருங்கள். நிற்கும் நிலை சரியில்லாதவரிடம் எட்ஜைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஒரு உதாரணம். முப்பத்தைந்து வயதுக்காரர், இரண்டாவது நாள் ஸ்கீ. பின்னால் சாய்ந்தபடி வருகிறார், ஸ்கீ திரும்பவே மாட்டேன் என்கிறது. வழக்கமாக எல்லாரும் கத்துவது: "முன்னாடி சாயுங்க!" அவருக்கும் தெரியும், முடியவில்லை. ஏன் சாய்கிறார்? பூட்ஸ் பக்கிள் தளர்வாக இருக்கலாம், கணுக்கால் மடங்கியும் பூட்ஸில் பிடிமானம் கிடைக்காது. சரிவு அவருக்கு அதிகமாக இருக்கலாம். பயந்த உடம்பு மலைப் பக்கமாகத்தான் ஒதுங்கும். அல்லது நாள் முழுக்க ஓட்டித் தொடை தளர்ந்திருக்கலாம். மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு தீர்வு: பக்கிளை இறுக்குவது, எளிய சரிவுக்கு மாறுவது, காபி குடிக்க அனுப்புவது. ஓட்டத்தைத் திருத்துவதற்கு முன் சரிவை மாற்றுங்கள் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். எளிய சரிவுக்கு வந்ததும் பாதிப் பேருக்குப் பிரச்சினையே காணாமல் போய்விடும்.

ஸ்னோபோர்டில் அடிக்கடி பார்ப்பது, குதிகால் பக்கத் திருப்பத்தில் போர்டு தடதடவென்று அதிர்ந்து வழுக்குவது. ஓட்டுபவர் "ஐஸ்" என்பார். சில நேரம் ஐஸ்தான். ஆனால் பெரும்பாலும் அவர் இடுப்பை மட்டும் மடக்கி, முட்டியை விறைப்பாக வைத்திருப்பார். எடை போர்டின் எட்ஜுக்கு மேலே இல்லாமல் வெளியே தொங்கும். நாற்காலியில் உட்காருவது போல முட்டியை மடக்கச் சொல்லி, மார்பை நிமிர்த்தச் சொன்னால் அதிர்வு குறைவதைப் பார்க்கலாம். குறையவில்லை என்றால் பைண்டிங்கின் பின்பக்கச் சாய்வைப் பாருங்கள்.

பயிற்சிக்கு இடம் தேட வேண்டாம். சேர்லிஃப்டில் மேலே போகும் ஒவ்வொரு முறையும், கீழே ஓட்டிக்கொண்டு போகும் யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். மூன்று வாக்கியம் மனதுக்குள் சொல்லுங்கள். ஒன்று, பார்த்தது மட்டும்: "இடது திருப்பத்தில் வெளி ஸ்கீ வழுக்குகிறது." இரண்டு, காரணம்: "எடை உள்பக்கக் காலில் இருக்கிறது." மூன்று, செய்யச் சொல்வது: "திருப்பத்தின் நடுவில் உள்பக்க ஸ்கீயின் பின்முனையை லேசாகத் தூக்கட்டும்." முதல் வாக்கியத்தில் கருத்து கலக்கக் கூடாது. 'மோசமாக ஓட்டுகிறார்' என்பது பார்த்தது ஆகாது. ஒரு சீசன் முழுக்க இதைச் செய்தால் தேர்வில் உங்களுக்கு வாய் வராமல் போகாது. கூட ஒரு சக பயிற்றுநர் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது, வாதம் செய்யலாம்.

உங்களையும் காணொளி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் நாம் ஓட்டுவதும் திரையில் தெரிவதும் வேறு வேறு ஆட்கள். பாதி வேகத்தில் ஓடவிட்டு அதே மூன்று வாக்கியத்தை உங்கள் மேலேயே பிரயோகியுங்கள்.

6. காசு கொடுக்காமல் கிடைக்கும் பயிற்சி

அநேகமாக எல்லா ஸ்கீ பள்ளிகளும் ஊழியர்களுக்குக் கிளினிக் நடத்தும். லெவல் 3, லெவல் 4 ஆட்கள் காலையில் மலை திறக்கும் முன்போ மாலையிலோ ஒன்றரை மணி நேரம் கூட ஓட்டுவார்கள். பல இடங்களில் இதற்குச் சம்பளம் இருக்காது, அதனால் பலர் போவதில்லை. போங்கள். இதே பயிற்சியை வெளியே தனி வகுப்பாக எடுத்தால் என்ன விலை என்று உங்கள் பள்ளியின் கட்டணப் பலகையைப் பார்த்தாலே தெரியும்.

வகுப்பு கிடைக்காத நாளில், அனுபவசாலி ஒருவரின் வகுப்புக்குப் பின்னால் உதவியாளாகப் போக அனுமதி கேளுங்கள். அவர் எப்படி ஓட்டுகிறார் என்பதைப் பார்க்க வேண்டாம். எப்போது பேசுகிறார், எப்போது பேசாமல் இருக்கிறார், ஒரு பிள்ளை மட்டும் பின்தங்கும்போது மற்ற ஐந்து பேருக்கு என்ன வேலை கொடுக்கிறார் என்று பாருங்கள்.

ஒரு சின்ன நோட்டும் வேண்டும். வகுப்பு முடிந்ததும் மூன்று வரி: யார், என்ன செய்யச் சொன்னேன், பலன் இருந்ததா. சீசன் நடுவில் புரட்டிப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே இரண்டு பயிற்சியைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது பலருக்குத் தெரியவரும். அப்போதுதான் புதிதாகக் கற்கத் தோன்றும்.

7. லெவல் 2 எப்போது?

ஒரு சீசனாவது முழுதாகச் சொல்லிக்கொடுத்த பிறகு. லெவல் 1 வாங்கிய அதே ஜனவரியில் லெவல் 2-க்குப் பதிவு செய்ய முடியும், நன்றாக ஓட்டுகிற இளைஞர்கள் செய்வதுமுண்டு. ஓட்டத்தில் தேறிவிடுவார்கள், கற்பித்தலில் மாட்டிக்கொள்வார்கள். இரண்டையும் தனியாக மதிப்பிடுகிறார்கள், இரண்டிலும் தேற வேண்டும். நடுத்தரமாக ஓட்டும் மாணவர் என்னென்ன செய்வார் என்பதை நீங்கள் நேரில் பார்த்திருக்கவே இல்லை என்றால், தேர்வாளர் கேட்கும்போது கையேட்டு வாக்கியம்தான் வாயில் வரும்.

ஒன்டாரியோவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை, மலை சின்னது. அடிவாரத்திலிருந்து ஓடுபாதையின் உச்சி வரை புளூ மவுண்டனின் உயரம் 220 மீட்டர் அளவு. கியூபெக்கின் மோன் ட்ரோம்பிளானில் 645 மீட்டர். மேற்கே விஸ்லரில் பிளாக்கோம்ப் மலை 1,600 மீட்டரைத் தாண்டும். உண்மைதான், நீண்ட சரிவில் தொடை எரியும் வரை ஓட்டுகிற அனுபவம் இங்கே கிடைக்காது. ஆனால் எட்ஜ் பிடிக்க ஒன்டாரியோ ஐஸ் போல ஒரு வாத்தியார் கிடையாது. கெட்டியான பனியில் சுத்தமாகத் திரும்பத் தெரிந்தவருக்கு மேற்கின் மென்பனி சில நாளில் பழகிவிடும். தேர்வுக்கு முன் ஒரு வார இறுதியாவது பெரிய மலையில் ஓட்டிவிட்டு வந்தால் போதும்.

தேறவில்லை என்றால் தேர்வாளர் தரும் குறிப்பை அப்படியே உங்கள் கிளினிக் நடத்துபவரிடம் காட்டுங்கள். அடுத்த சீசனின் பாடத்திட்டம் அதுதான்.

8. மேலே மட்டும்தான் போக வேண்டுமா?

வேண்டாம். எல்லாருக்கும் லெவல் 4 இலக்கு தேவையில்லை. பக்கவாட்டில் போவதும் வளர்ச்சிதான், சம்பளத்திலும் அது தெரியும்.

மாற்றுத்திறனாளிகளுக்குச் சறுக்கச் சொல்லித்தருவதற்கு கனடியன் அடாப்டிவ் ஸ்னோஸ்போர்ட்ஸ் என்ற அமைப்பு தனியாகச் சான்றிதழ் தருகிறது. உட்கார்ந்து ஓட்டும் ஸ்கீ, பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டுவது, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்வது எல்லாம் இதில் வரும். என்னைக் கேட்டால் இரண்டாவது சீசனில் எடுக்கக்கூடிய மிகச் சிறந்த கோர்ஸ் இது. இதற்குப் பிறகு சாதாரண வகுப்பில் நீங்கள் சொல்லித்தரும் விதமே மாறிவிடும். ஒரே விஷயத்தை நாலு வழியில் காட்டத் தெரிந்திருக்கும்.

ஸ்னோபோர்டில் தாவல்களும் கம்பிகளும் உள்ள பார்க் பகுதிக்கென்று தனிப் பயிற்றுநர் சான்றிதழ் உண்டு. ஸ்கீயில் பந்தயப் பயிற்சியாளர் பாதை தனி அமைப்பின் கீழ் வருகிறது. மேற்கு மலைகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால் பனிச்சரிவு அபாயத்தைப் பற்றிய முதல்நிலைக் கோர்ஸையும் எடுத்துவிடுங்கள். இரண்டு நாள்தான். இது ஸ்கீ மையத்தின் எல்லைக் கயிற்றுக்கு வெளியே ஆட்களை அழைத்துப் போவதற்கான தகுதி ஆகாது. உங்கள் சொந்த உயிருக்கான அறிவு, அவ்வளவுதான்.

9. கனடாவுக்கு வெளியே

சி.எஸ்.ஐ.ஏ. சர்வதேசப் பயிற்றுநர் சங்கமான ஐ.எஸ்.ஐ.ஏ.வில் உறுப்பு. லெவல் 3 வாங்கி, சில கூடுதல் நிபந்தனைகளையும் நிறைவுசெய்தால் அந்தச் சங்கத்தின் முத்திரை கிடைக்கும். லெவல் 1, 2 வைத்துக்கொண்டு பலர் போவது நியூசிலாந்துக்கு. அங்கே சீசன் ஜூன் முதல் அக்டோபர் வரை, நம் கோடையில். குவீன்ஸ்டவுன், வானக்கா சுற்றியுள்ள மலைகளில் கனடா சான்றிதழ் நன்கு பழக்கமானது. ஒரே வருடத்தில் இரண்டு குளிர்காலம் வேலை செய்தால் அனுபவம் இரட்டிப்பாகும். ஆனால் இளைஞர்களுக்கான வேலை-விடுமுறை விசா குடியுரிமையைப் பொறுத்தது. கனடாவின் நிரந்தர வாசி என்ற அந்தஸ்து மட்டும் இருந்தால் அது உதவாது.

பிரான்ஸ் வேறு கதை. அங்கே முழுத் தகுதிக்கு நட்டு வைத்த கம்புகளைச் சுற்றி நேரம் குறித்து ஓட்டும் ஜெயன்ட் ஸ்லாலம் வேகத் தேர்வு உண்டு. சிறுவயதில் பந்தயம் ஓட்டாதவர்களுக்கு அது பெரிய மதில். அந்த ஆசை இருந்தால் இப்போதே பந்தயப் பயிற்சிக்குப் போக வேண்டும்.

இந்தியாவிலேயே தொடங்க நினைப்பவர்களுக்குக் காஷ்மீரில் குல்மார்க்கில் இருக்கும் இந்திய ஸ்கீ மற்றும் மலையேற்ற நிறுவனமும், மணாலியில் இருக்கும் அரசு மலையேற்ற நிறுவனமும் ஸ்கீ கோர்ஸ் நடத்துகின்றன. ஓட்டக் கற்றுக்கொள்ள நல்ல இடங்கள். கனடாவில் சொல்லித்தர வேண்டுமென்றால் இங்கே வந்து லெவல் 1 எடுத்தாக வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

10. காசும் உடம்பும்

முதல் சீசனில் கோர்ஸ் கட்டணம், உறுப்பினர் சந்தா, பூட்ஸ், பெட்ரோல் எல்லாம் கழித்தால் கையில் பெரிதாக நிற்காது. வேலையோடு கிடைக்கும் லிஃப்ட் பாஸ்தான் முதல் வருட லாபம். உறுப்பினர்களுக்குக் கருவிகளில் தள்ளுபடி உண்டு; வாங்கும் முன் விசாரியுங்கள். சந்தாவை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், விட்டுவிட்டால் சான்றிதழ் செல்லுபடியாகும் நிலை போய்விடும்.

கருவிகளில் முதலில் வாங்க வேண்டியது பூட்ஸ். ஸ்கீ பழையதாக இருக்கலாம், போர்டு இரவலாக இருக்கலாம். பூட்ஸ் உங்கள் காலுக்கு அளவெடுத்துப் பொருத்தித் தரும் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். நாள் முழுக்க அதில்தான் நிற்கப் போகிறீர்கள். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள்.

ஸ்கீ ஓட்டுபவர்களுக்கு முட்டியும், கம்பைப் பிடித்தபடி விழும்போது கட்டைவிரலும் அடிபடும். ஸ்னோபோர்டு ஆட்களுக்கு மணிக்கட்டு. புதியவர்களுக்கு மணிக்கட்டுக் காப்பு போடச் சொல்லுங்கள், நீங்களும் போடுங்கள். ஹெல்மெட் பற்றி விவாதமே தேவையில்லை. நோவா ஸ்கோஷியா மாகாணம் 2012-இலேயே சரிவில் ஹெல்மெட்டைச் சட்டமாக்கிவிட்டது. மற்ற இடங்களில் உங்கள் பள்ளியின் விதியே போதும். கோடையில் ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, இன்லைன் ஸ்கேட்டிங், சைக்கிள் என்று தொடைக்கும் இடுப்புக்கும் ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள். டிசம்பரில் மூன்று நாள் தொடர்ந்து வகுப்பு எடுக்கும்போது அது தெரியும்.

சீசன் மார்ச் இறுதியில் முடிந்ததும் மேற்பார்வையாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, உங்கள் வகுப்புகளைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் திரும்ப வருவதாக இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். லெவல் 2 தேதிகள் இலையுதிர் காலத்தில் வெளியானவுடன் பதிவு செய்துவிட வேண்டும். வார இறுதிக் கோர்ஸ்களில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். பூட்ஸின் உள்லைனரை வெளியே எடுத்து நன்றாக உலர்த்தி, பக்கிளை லேசாகப் பூட்டி வையுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டால் நவம்பரில் அதைக் காரில் கூட ஏற்ற முடியாது.